வெனிஸ் மாநகரின் கல்லறைத் தீவு

கடல்மேல் எழுந்த வெனிஸ் நகரின் மாடங்களையும் ஓடங்களையும் புகழ்ந்துரைப்பார் பலர். அந்நகரத்து மாந்தர் இறந்தபின் எங்கே துயில்கின்றனர் என வினவுவார் சிலரே. நகருக்கு வடக்கே உப்பங்கழியின் நடுவில், செங்கல் மதில் சூழ, சைப்பிரஸ் மரங்கள் நிமிர்ந்து நிற்கும் சான் மிக்கேல் தீவே அவ்விடமாகும். கத்தோலிக்கர், ஆர்த்தொடாக்ஸ் சபையார், சீர்திருத்தச் சபையார் ஆகிய முத்திறத்தாரும் அடங்கியிருக்கும் அத்தீவினைப்பற்றி யாம் கருதுவனவற்றை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

முற்காலத்தில் அது கமால்தோலித் துறவியர் உறைந்த தீவு. தென்றிசையை மேலே வைத்து உலகப் படம் வரைந்து, அதில் நம் இந்தியாவையும் பொறித்த பிரா மௌரோ என்னும் 15-ஆம் நூற்றாண்டுத் துறவி அம்மடத்தவரே. மௌரோ கொதுஸ்ஸி என்னும் சிற்பி 1469-இல் தொடங்கிய வெண்கற் கோயில் இன்றும் கரையில் நிற்கின்றது. வெனிஸ் மக்கள் நெடுங்காலம் தம் இறந்தோரைக் கோயில்களின் தளத்தடியிலும் முற்றங்களிலும் புதைத்து வந்தனர். ஊருக்குள் புதைத்தலை நெப்போலியனின் 1804-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கிற்று. அந்நகர் அவன் ஆட்சிக்குட்பட்டபின், அடுத்திருந்த சான் கிறிஸ்தோபரோ தீவு 1807-இல் கல்லறைக்கெனக் குறிக்கப்பட்டது. பின்னர் 1830-களில் இடைக்கால்வாய் தூர்க்கப்பெற்று இரு தீவும் ஒன்றாயின.

புறமதில் ஒன்றிருக்க உள்மதில்கள் எதற்கு எனச் சிலர் நகைப்பர். யாம் நகையோம். வெனிஸில் வாழ்ந்த கிரேக்கர் 16-ஆம் நூற்றாண்டிலேயே தமக்கெனச் சான் ஜோர்ஜோ கோயிலை எடுத்து, தம் மொழியில் தம் முறையே வழிபட்டவர். அவர்தம் சடங்குகளுக்கெனத் தனி நிலம் விட்டமை, புறந்தள்ளுதலினும் மதித்தலுக்கே அணித்தென்பது எம் துணிபு. 1971-இல் நியூயார்க்கில் இறந்த இசைப் புலவர் ஸ்திராவின்ஸ்கியின் உடல் இங்குக் கொணரப்பட்டபோது, நகரின் பெரிய கத்தோலிக்கக் கோயில்களுள் ஒன்றாகிய சாந்தி ஜொவான்னி ஏ பாவ்லோவில் ஆர்த்தொடாக்ஸ் முறைப்படி இறுதி வழிபாடு நிகழ்ந்தது. அதன்பின் ஓடம் உடலைத் தீவுக்குச் சுமந்தது. உள்மதில்கள் அன்று எவரையும் தடுத்ததாகத் தெரியவில்லை!

அப்பெரியாரின் கல்லறை பெயர் பொறித்த எளிய பலகைக் கல்லே. அருகில், 1982-இல் மறைந்த அவர் மனைவியார் துயில்கின்றார். சிறிது தொலைவில், அவரது இளமைக்கால இசையை உலகறியச் செய்த நாட்டியக் குழுத் தலைவர் தியாகிலெவின் கல்லறை உளது. அவர் 1929-இல் வெனிஸிலேயே உயிர் நீத்தார். ஆடல் மகளிர் தம் பழங்காலணிகளை அக்கல்மேல் வைத்துச் செல்கின்றனர். மலரினும் அது தக்க காணிக்கையன்றோ!

ஆயினும் எச்சபையிலும் சேராதவனுக்கு இடம் யாது? யூதர் குடியிற் பிறந்த உருசியக் கவிஞர் பிராட்ஸ்கி 1996-இல் இறந்தார். அவர் உடல் மறு ஆண்டு, ஆர்த்தொடாக்ஸ் பகுதியிலன்றிச் சீர்திருத்தச் சபையார் பகுதியில் அடக்கப்பட்டது. ஆங்கே முன்னரே 1972-இல் அடக்கப்பெற்றவர் எஸ்ரா பவுண்டு, யூதரை வெறுத்துரைத்த அமெரிக்கக் கவிஞர். இவ்விருவரையும் ஒரே வேலிக்குள் சேர்த்த விதியை என்னென்பது!

எமக்குக் கொடிதாய்த் தோன்றுவது பிறிதொன்று. தீவு சிறிது, ஆதலின் எளிய மக்களின் எலும்புகள் சில ஆண்டுகள் சென்றபின் அகழ்ந்தெடுக்கப்பட்டுச் சிறு பேழையிலோ பொதுக் குழியிலோ சேர்க்கப்படுகின்றன. நிலமின்மையை யாம் அறியாதவரல்லேம். எனினும் பெயர் பெற்றோர்க்கு நிலைத்த கல்லும், வலைஞனுக்கும் ஓடக்காரனுக்கும் தவணைக் கல்லுமாக இருத்தல் சபை மதில்களினும் உயர்ந்த மதிலாகும். பொதுக் குழியிற் சேர்வோர் பெயர்களையேனும் நகரத்தார் கல்லிற் பொறித்து வைக்கலாம். அதற்கு வேற்று நிலம் வேண்டுவதில்லை. தீவைச் சூழ்ந்த செங்கல் மதிலின் உட்புறம் நெடுந்தொலைவு நீண்டு கிடக்கின்றது.