கண்ணாடித் தொட்டியில் ஒரு வேட்டைக்காரன்



நன்னீர் மீன் வளர்த்துப் பழகிய பிள்ளைகள் அடுத்தபடியாகக் கடல்மீன் கேட்பதுண்டு. அவர்கள் கண்ணைக் கவர்வனவற்றுள் ஒன்று குள்ளச் சிங்கமீன். ஒரு சாணுக்கும் குறைந்த உடல், செம்பழுப்பு வரிகள், விசிறியென விரியும் துடுப்புகள். இந்து, பசிபிக் மாக்கடல்களின் பவளப் பாறைகளே அதன் தாயகம். அதனை வாங்குமுன் பெற்றோர் மூன்றினை அறிதல் நலம்.

முதலாவது, அதன் வாய். அவ்வழகிய துடுப்புகளை விரித்தே அது இரையை மூலையில் மடக்கி, நொடிப்பொழுதில் விழுங்கும். வாயில் அடங்கும் மீனும் இறாலும் அதற்கு இரையே. எனவே சிறு மீன்களோடு அதனைச் சேர்த்தல் ஆகாது. பொறுமையோடு பழக்கினால் உறைய வைத்த இறாலை ஏற்கும். தொட்டி அமைத்த அன்றே மீனை விடுவதும் தவறு. கழிவில் தோன்றும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் செல்லும். நீர் வற்றினால் நன்னீரையே ஊற்றவேண்டும். ஏனெனில், உப்பு ஆவியாவதில்லை.

இரண்டாவது, அதன் முள். முதுகிலும் அடிவயிற்றிலும் உள்ள முட்களில் நஞ்சுண்டு. குத்தினால் கடுமையாக வலிக்கும். குத்திய இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில், 45 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெந்நீரில் அமிழ்த்தி, மருத்துவரிடம் செல்க. தொட்டிக்குள் கையிடுதல் பிள்ளைகளின் வேலையன்று.

மூன்றாவதே தலையாயது: சலிப்புற்றாலும் அதனைக் கடலில் விடாதீர்கள். இதன் உறவினமான பெரிய சிங்கமீன், தனக்குரியதல்லாத அட்லாண்டிக் கடலில், அமெரிக்காவின் புளோரிடாக் கரையருகே 1985இல் முதன்முதலாகக் காணப்பட்டது. வளர்ப்போர் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே அங்குப் பெருகின என்பது அறிஞர் கருத்து. 2004இல் அவை பகாமாத் தீவுகளை எட்டின. அங்குள்ள மீன்கள் இவ்வேட்டைக்காரனை முன்பின் அறியாதவை. சிங்கமீன் விடப்பட்ட சிறு பாறைத்திட்டுகளில், ஐந்தே வாரங்களில், புதிதாக வந்து சேரும் இளமீன்களின் வரவு சராசரியாக 79 விழுக்காடு குறைந்ததென 2008இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஒரு பெண்மீன் ஆண்டிற்கு ஏறத்தாழ இருபது இலட்சம் முட்டைகள் இடுமெனின், பின்னர் அதனைத் திரும்பப் பிடித்து முடிப்பது எங்ஙனம்?

உயிரை விடுதலை செய்கிறோம் என்னும் இரக்கத்தால் ஒருவர் இதனைச் செய்திருக்கலாம். ஆயினும் கடல் ஒன்றே போல் தோன்றினும், எல்லாக் கடலும் எல்லா மீனுக்கும் வீடல்ல. வேண்டாத மீனை விற்ற கடையிலேயே ஒப்படைக்கலாம். வளர்க்கத் தெரிந்த வேறொருவருக்குக் கொடுக்கலாம். திரும்பப் பெற்றுக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் வாங்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். அதற்கு விடை கிடைத்தபின் மீனுக்கு விலை பேசலாம்.