மைலேஜ் கேட்கும் முன் கிலோமீட்டரைக் கேளுங்கள்

கார் வாங்கப் போகிறேன் என்று புதுச்சேரியில் யாராவது வாய் திறந்தால், எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்றுதான். ஷோரூமிலும் அதையே முதலில் எடுத்து வைக்கிறார்கள். ஆல்டோ கே10 என்றால் 24.39, டிசையர் என்றால் 24.79, செலரியோ என்றால் 25-க்கும் மேல். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வந்துவிட்டால் எந்த எண்ணையும் நம்பத் தோன்றுகிறது. ஆனால் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே ஓடப்போகும் காரைத் தேர்ந்தெடுக்க இதைப்போல உதவாத எண் வேறில்லை. மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டப்போகிறோம் என்பதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். எந்தக் கார் சிக்கனம் என்பதில் இன்ஜின் சொல்வது பாதி. மீதியை நம் ஓட்டமும் கடன் தவணையும் சொல்கின்றன.

அந்த எண் பிறக்கும் இடம் சோதனைக்கூடம். காரின் சக்கரங்களை உருளைமேல் ஏற்றி, நிர்ணயித்த வேக அட்டவணைப்படி ஓட்டி அளக்கிறார்கள். ஏசி ஓடாது. குண்டு குழி கிடையாது, குறுக்கே மாடு வராது. எல்லாக் கம்பெனிக் காரும் ஒரே பரீட்சையை எழுதுவதால் ஒன்றோடொன்று ஒப்பிட அது பயன்படும். நம் தெருவில் என்ன கிடைக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. நம் தெருவோ தனி ரகம். 1690-களில் டச்சுக்காரர்கள் கட்டம் போட்டு, பிரெஞ்சுக்காரர்கள் கட்டியெழுப்பிய நகரம் இது. சதுரங்கப் பலகை மாதிரியான அந்த வீதி அமைப்பைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அதில் கார் ஓட்டுகிறவருக்கு மிஞ்சுவது குறுக்கு வீதிகள்தான். ஒவ்வொரு முனையிலும் பிரேக், முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடி பிரேக். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அதுவரை எரித்த பெட்ரோல் வெறும் சூடாகப் போய்விடுகிறது. முத்தியால்பேட்டையிலிருந்து நேரு வீதிக்கு வந்தால், இன்ஜின் பதமாகச் சூடேறுவதற்குள் பயணமே முடிந்துவிடும். ஆறிக் கிடந்த இன்ஜின் கூடுதலாகவே குடிக்கும். ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் மே மாத மதியம் ஏசியோடு நிற்கும் காரின் மைலேஜ் பூஜ்யம். விளம்பரத்தில் 24 என்று போட்ட கார் இங்கே 16 கொடுத்தால் அது காரின் குற்றமல்ல.

சரி, 16 கொடுக்கும் காருக்குப் பதில் 20 கொடுக்கும் காரை வாங்கினால் எவ்வளவு மிச்சம்? ஊருக்குள் வேலை, பிள்ளைகளின் பள்ளி, ஜிப்மருக்கு ஒரு நடை, ஞாயிறு கோயில் என்று ஓடும் குடும்பக் காருக்கு மாதம் 500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், ஆண்டுக்கு 6,000. 16 கொடுக்கும் கார் 375 லிட்டர் குடிக்கும், 20 கொடுப்பது 300 லிட்டர். கணக்குக்கு எளிதாக லிட்டர் 100 ரூபாய் என்றால் வித்தியாசம் ஆண்டுக்கு 7,500 ரூபாய். இதற்காகத்தான் இத்தனை விசாரிப்பு. அதே ஆள் 7 லட்சம் ரூபாய்க் கடனை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் தவணை சுமார் 14,530; வட்டியாகப் போவது 1.72 லட்சம். "தவணை பாரமாக இருக்கிறதே" என்று ஏழு ஆண்டாக நீட்டினால் மாதம் 11,260 தான். ஆனால் வட்டி 2.46 லட்சம் ஆகிவிடுகிறது. கூடுதலாகப் போகும் 74 ஆயிரமும், நல்ல மைலேஜ் பத்து ஆண்டில் சேர்த்துத் தரும் பணமும் ஏறக்குறைய ஒன்றுதான். பெட்ரோலில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்ததைத் தவணைத் தாளில் ஒரே கையெழுத்தில் விட்டுவிடுகிறோம்.

சிஎன்ஜிக்கும் இதே கணக்குதான். அதே மாடலின் சிஎன்ஜி ரகத்துக்கு ஏறத்தாழ 90 ஆயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கிலோவுக்கு 24 கிலோமீட்டர், கிலோ 90 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்கு 6,000 ஓட்டுகிறவருக்கு மிச்சம் 15,000. போட்ட பணம் திரும்ப ஆறு ஆண்டு. அதுவரை டிக்கியில் சிலிண்டரோடு வாழ வேண்டும். ஆனால் தினமும் கடலூருக்கோ விழுப்புரத்துக்கோ வேலைக்குப் போய்த் திரும்பி, மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இரண்டே ஆண்டில் திரும்பிவிடும். அவர் கண்ணை மூடிக்கொண்டு சிஎன்ஜி வாங்கலாம். மின்சாரக் காரின் கதை இதைவிட வேடிக்கை. குறுகிய தூரம், நின்று நின்று போகும் ஓட்டம் என்று அதற்கென்றே அமைந்த ஊர் இது. ஆனாலும் டியாகோ பெட்ரோலின் தொடக்க விலைக்கும் டியாகோ மின்சாரக் காரின் தொடக்க விலைக்கும் மூன்று லட்சத்துக்கு மேல் இடைவெளி. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டரில் மின்சாரம் மிச்சப்படுத்துவது 30 ஆயிரம் சொச்சம். கணக்கு சரியாக வரப் பத்து ஆண்டு ஆகும். பேட்டரி உத்தரவாதமோ எட்டு ஆண்டு. போதாக்குறைக்கு, தமிழர் பகுதியில் திண்ணை வைத்த வீடுகள் வீதியை ஒட்டியே நிற்கின்றன. காரும் வீதியில்தான் நிற்கும். சார்ஜர் வயரை நடைபாதைக்குக் குறுக்கே இழுக்க முடியாது. சொந்த போர்ட்டிகோ இருந்து, ஓட்டமும் அதிகம் இருப்பவருக்கு மட்டும் அது லாபம்.

பெட்ரோல் விலை ஏறாதா என்று கேட்கலாம். ஏறட்டும், 120 ரூபாய் ஆனாலும் அந்த 7,500 என்பது 9,000 ஆகும், அவ்வளவே. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் குறைகிறதே என்பது நியாயமான புகார். பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. அது எல்லாக் காரையும் பாதிப்பதால் தேர்வு மாறப்போவதில்லை. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர் மட்டும் 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரானதாகப் பார்த்து வாங்குவது நல்லது. குறைவாக ஓட்டுகிறவருக்கு செகண்ட் ஹேண்ட் உண்மையிலேயே நல்ல வழி. ஆனால் இது உப்புக் காற்று வீசும் ஊர். பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், கால்மிதியைத் தூக்கித் தரைத் தகட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

தள்ள முடியாத ஆட்சேபம் ஒன்று உண்டு: சின்னக் காரில் உயிருக்குப் பாதுகாப்பு என்ன? 2023-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஆல்டோ கே10 இரண்டு நட்சத்திரமும் வேகன்ஆர் ஒரு நட்சத்திரமும்தான் வாங்கின. பின்னர் 2025-இல் இரண்டிலும் ஆறு ஏர்பேக் வந்தது. அதனால் பழைய மதிப்பெண் தானாக உயர்ந்துவிடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கு அடிக்கடி போகிறவர் இந்த ஆட்சேபத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். அவருக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கிய டிசையர் போன்ற கார்தான் சரி. சிஎன்ஜிக்கும் மேல்மாடலுக்கும் கொடுக்க வைத்திருந்த ஒரு லட்சத்தை இதற்குக் கொடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததில் மிஞ்சிய பணத்தையும் சன்ரூஃபில் விடாமல் இங்கே போடலாம். ஆட்டோமேட்டிக் கியருக்கு 50 ஆயிரம் கொடுப்பதிலும் தப்பில்லை. மைலேஜுக்காக வேண்டாம், இடது முழங்காலுக்காக வாங்குங்கள்.

சென்னை யூடியூப் விமர்சனங்களைப் பார்த்து இங்கே கார் வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே பெட்ரோல் வரி குறைவு. தமிழ்நாட்டு வண்டிகள் எல்லை தாண்டுமுன் நம் பெட்ரோல் பங்க்குகளில் டேங்கை நிரப்பிக்கொண்டு போகின்றன. சாலை வரியும் குறைவு. தூரமும் குறைவு. பெட்ரோல் செலவு என்ற பூதம் இந்த ஊரில் மற்ற ஊர்களைவிடச் சின்னது. ஆகவே ஷோரூமுக்குப் போகுமுன் ஒரு மாதம், கார் இருந்திருந்தால் எங்கெல்லாம் எடுத்துப் போயிருப்பீர்கள் என்று காலண்டரில் குறித்து, தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். 1,500 வந்தால் சிஎன்ஜி. 500 வந்தால் சின்ன பெட்ரோல் கார், ஐந்து ஆண்டுக்கு மேற்படாத தவணை. 200 தான் வருகிறது என்றால், மேலே சொன்ன ஐந்து ஆண்டுத் தவணை மட்டுமே கிலோமீட்டருக்கு 72 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அந்த விலைக்கு நம் ஊர் ஆட்டோக்காரர்கூடப் பேரம் பேசாமல் வருவார்.