சலங்கைக்குச் சமயம் உண்டோ?

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் சிறிது நேரம் நடந்தாலே போதும். மூன்று சமயத் தமிழரின் வழிபாட்டிடங்களையும் கண்டுவிடலாம். குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டில் எழுந்த மகா மாரியம்மன் கோயில் நிற்கிறது. சூலியா தெருவில் நாகூர் ஆண்டவரின் பெயரால் ஒரு தர்கா உண்டு. பினாங்குச் சாலையில் 1857இல் தமிழ்க் கத்தோலிக்கருக்கென அமைந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தேவாலயம் இருக்கிறது. இம்மூன்றிடத்தும் கைகூப்பிய முன்னோருள் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள். வேண்டுதல் வேறுபட்டிருக்கலாம், வேண்டிய மொழி ஒன்றே.

ஆயினும், இந்நகரில் ஒரு கிறித்தவச் சிறுமி காலில் சலங்கை கட்டுவாளாயின், இரு திசையிலிருந்தும் முணுமுணுப்பு எழுகிறது. "நம் கலையை இவர்கள் ஏன் கையிலெடுக்கிறார்கள்? மதம் மாற்றுவதற்கா?" என்று கோயில் பக்கத்தார் சிலர் வினவுவர். "நடராசர் சிலைக்கு முன் ஆடும் ஆட்டம் நம் பிள்ளைக்கு எதற்கு?" என்று தேவாலயப் பக்கத்தார் சிலர் முகம் சுளிப்பர். எதிரெதிர்த் திசையில் நிற்கும் இவ்விரு சாராரும் ஒரே ஒரு கருத்தில் மட்டும் கைகோத்துக்கொள்கின்றனர். பரதம் ஒரு சமயத்தின் தனியுடைமை என்பதே அக்கருத்து. அவர்களது சண்டையைக் காட்டிலும் அவர்களது இந்த ஒற்றுமையே தமிழுக்குக் கேடு விளைப்பது.

முதற்கண் ஆராயத்தக்கது கோயில் பக்கத்தாரின் வாதம். தமிழில் ஆடற்கலையின் அமைதியை விரித்துரைக்கும் பழைய நூல் சிலப்பதிகாரம் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். அரங்கின் அளவு, ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழ் வல்லோன் ஆகியோரின் தகுதி என அனைத்தையும் அரங்கேற்று காதை வகுத்துக் காட்டுகிறது. அதனை இயற்றிய இளங்கோவடிகள் சமணத் துறவி என்பதே அறிஞர் பலரின் துணிபு. சிவனும் திருமாலும் முருகனும் கொற்றவையும் ஆடிய ஆடல்களை எடுத்துரைக்க அச்சமண முனிவர் தயங்கவில்லை. மாதவியின் மகள் மணிமேகலையின் வாழ்வோ பௌத்தக் காப்பியமாக மலர்ந்தது. கோயில் இல்லையேல் இக்கலை இன்றுவரை வாழ்ந்திராது என்பது மெய்; அதை மறுப்பவர் வரலாறு அறியாதவர். ஆனால் கோயில் காத்தது என்பதனால் பிறர் தீண்டலாகாது என்று முடிவு கட்டுவோர், அரங்கின் வாயிலில் இளங்கோவடிகளையே நிறுத்தி, "நீர் எந்தச் சமயம்?" என்று கேட்க வேண்டியவராவர்.

இனித் தஞ்சைக்கு வரலாம். இன்று மேடைகளில் ஆடப்படும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்னும் வரிசையைச் செப்பம் செய்தவர்கள் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர். அவர்களைப் போற்றிய அரண்மனைகளுள் முதன்மையானது இரண்டாம் சரபோசி மன்னரின் அரண்மனை. அம்மன்னர் இளமையில் கல்வி பயின்றது சுவார்ட்ஸ் என்னும் செர்மானியப் பாதிரியாரிடம். அதே பாதிரியாரிடம் வளர்ந்த மற்றொருவர், 1774இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார். அவர் 1800ஆம் ஆண்டில் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி திரிகூடநாதர்மேல் காதல் கொள்வதுபோல, இதில் தேவமோகினி கிறித்துவின்மேல் காதல் கொள்கிறாள். குறத்தி வருகிறாள், குறி சொல்கிறாள், சிங்கன் சிங்கியைத் தேடுகிறான். தஞ்சைப் பெரிய கோயிலில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி ஆடப்பட்ட அதே காலத்தில், அதே ஊரில், அதே இலக்கிய வடிவில் ஒரு கிறித்தவப் புலவர் பாடினார். அந்நாளில் அதனைத் திருட்டு என்று தூற்றியிருந்தால், தமிழுக்கு ஒரு குறவஞ்சி குறைந்திருக்கும். வேறு பயன் விளைந்திராது.

மேலை நாட்டிலிருந்து வந்த வயலின் வடிவேலு போன்றோரின் கையில் தமிழிசைக்கு உரியதாகிவிட்டது. கச்சேரி மேடையில் அதைக் கண்டு, "இது பறங்கியர் கருவி, இறக்கிவையுங்கள்" என்று இன்று எவரும் கூவுவதில்லை. வாங்கும்போது பரந்து விரியும் மனம் கொடுக்கும்போது மட்டும் சுருங்குவானேன்?

ஈழத்தின் கடலோரத்தைக் காண்போர்க்கு இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊர்களிலும் எஸ்தாக்கியார் கதையும் ஞானசௌந்தரி கதையும் மூவிராசாக்கள் கதையும் விடிய விடியக் கூத்தாக ஆடப்பட்டு வந்திருக்கின்றன. அண்ணாவியார் தாளம் தட்ட, மத்தளம் முழங்க, மீனவரும் உழவரும் அரசராகவும் புனிதராகவும் ஆடினர். அம்மரபின் மேல் 1965ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் திருமறைக் கலாமன்றத்தை நிறுவினார் அருள்தந்தை நீ. மரிய சேவியர். திருப்பாடுகளின் காட்சியை மேடையேற்றிய அம்மன்றம் நாட்டுக்கூத்தையும் இசை நாடகத்தையும் வளர்த்தது. 'கலைமுகம்' என்னும் இதழை வெளியிட்டது. போர் சூழ்ந்த ஆண்டுகளிலும் மேடையைக் கைவிடவில்லை. அதில் பங்கு கொண்டோர் கிறித்தவர் மட்டும் அல்லர். 2021இல் அவர் மறைந்தபோது யாழ்ப்பாணத்துக் கலையுலகம் சமயம் பாராமல் துயருற்றது.

இவ்வளவும் கூறிய பின்னும், கோயில் பக்கத்தாரின் ஒரு குறையில் நியாயம் உண்டு. பிறர் அரும்பாடுபட்டு ஆக்கிய கீர்த்தனையை எடுத்து, இறைவனின் பெயரை மட்டும் நீக்கி வேறு பெயரைப் பொருத்துவது கலையன்று, அது சோம்பல். ஆனால் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சென்னையில் நடந்தது அத்தகைய நேர்மையான விமரிசனம் அன்று. கிறித்தவப் பாடல்களைப் பாடினர், பாட இசைந்தனர் என்பதற்காகவே கருநாடக இசைக்கலைஞர்கள் தூற்றப்பட்டனர், அச்சுறுத்தப்பட்டனர். அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்று கைவிடப்பட்டது. தாமே பாட்டியற்றுவது வேறு, பிறர் பாட்டில் பெயர் மாற்றுவது வேறு என்ற வேறுபாட்டைக்கூட உணராத கூச்சல் அது. 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டுத் தமிழிசையின் தொன்மையை நிலைநாட்ட உழைத்த தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் எந்தச் சமயத்தவர் என்பதை அக்கூச்சலிட்டோர் அறிவாரோ?

அடுத்துத் தேவாலயப் பக்கத்தார். இவர்களிடம் சொல்ல வேண்டியது கசப்பானது. எனினும் சொல்லியே ஆகவேண்டும். பரதத்தைக் கண்டு அஞ்சும் கிறித்தவர், அக்கலைக்குத் தம் முன்னோர் இழைத்ததை எண்ணிப் பார்ப்பதில்லை. 1890களில் சென்னை மாகாணத்தில் எழுந்த சதிர் எதிர்ப்பு இயக்கத்தில், ஆங்கிலம் கற்ற இந்துச் சீர்திருத்தக்காரருடன் பாதிரிமாரும் கிறித்தவ வெளியீடுகளும் தோளோடு தோள் நின்றனர். ஆடும் பெண்ணை இழிந்தவள் என்றும், காணும் ஆடவனைப் பாவி என்றும் எழுதினர். பொட்டுக்கட்டும் வழக்கம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது நன்றே. அதற்காகப் போராடிய முத்துலட்சுமி ரெட்டியை எவரும் குறை கூற இயலாது. ஆனால் நோயோடு சேர்த்து நோயாளியையும் புதைத்ததுபோல், தீய வழக்கத்தோடு அப்பெண்களின் கலையும் பிழைப்பும் தெருவில் வீசப்பட்டன. பின்னர் அதே சதிர், பரதநாட்டியம் என்னும் புதுப்பெயருடன் உயர்குலத்தார் மேடையேறியது. கற்றுக்கொடுத்த நட்டுவனார்களின் பெயர் நிகழ்ச்சித்தாளின் அடியில் சிறிய எழுத்தில் நின்றது. இவ்வரலாற்றில் இந்து மேட்டுக்குடியினருக்கும் பங்குண்டு, கிறித்தவத் திருச்சபைக்கும் பங்குண்டு. ஆகவே கிறித்தவர் நடத்தும் நடனப்பள்ளி எதையோ கவர்ந்துகொள்ள வந்த இடமன்று. பழைய கடன் ஒன்றைத் தீர்க்க வேண்டிய இடம் அது.

அக்கடனைத் தீர்க்கும் முறைக்குத் திருச்சிராப்பள்ளியில் ஒரு சான்று உண்டு. 1977இல் அருள்தந்தை எஸ். எம். ஜார்ஜ் தொடங்கிய கலைக்காவிரி, கத்தோலிக்க மறைமாவட்டத்தின் ஆதரவில் வளர்ந்து, பாரதிதாசன் பல்கலைக்கழகத்துடன் இணைந்த நுண்கலைக் கல்லூரியாக உயர்ந்தது. பரதம், வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் ஆகியவற்றை அங்குப் பட்டப்படிப்பாகக் கற்கலாம். கடல் கடந்த தமிழரும் அதன்வழிப் பட்டம் பெற்றுள்ளனர். இந்துக்களும் கிறித்தவரும் அங்குப் பயில்கின்றனர். விவிலியக் கதைகளை நாட்டிய நாடகமாக ஆக்குவது அந்நிறுவனத்தின் அடையாளம். ஆனால் பட்டம் அதற்காக வழங்கப்படுவதில்லை. பரதம் பயில வரும் எவரும் முதலில் கற்பது இயேசுவின் கதையையும் அன்று, கண்ணனின் கதையையும் அன்று, அரைமண்டியை. தொடை நடுங்க அமர்ந்து, தட்டுமனையில் கழி விழும் ஓசைக்குத் தட்டடவைத் தட்ட வேண்டும். ஒன்றாம் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என விரைவு கூடக் கூட வியர்வை சொட்டும். திசுர நடையும் மிசுர நடையும் எச்சமயத்தவர் காலையும் ஒரே விதமாகத்தான் வருத்தும். ஞானத்தைக் காட்டிலும் முழங்கால் வலியே அங்குச் சமத்துவத்தை விரைவாகக் கற்பிக்கும் போலும்!

ஆடத் தொடங்குமுன் நிலத்தைத் தொட்டு வணங்கும் முறை உண்டு. மிதிக்கப்போகும் மண்ணிடம் பொறுத்தருள வேண்டுவது அது. இதனைச் சிலை வணக்கம் என்று அஞ்சி விலக்குவோர் தேவாலயப் பக்கத்தாருள் உளர். அம்மண்ணைப் படைத்தவர் யார் என்பதை விவிலியத்தின் முதல் அதிகாரமே கூறியிருக்க, அதைத் தொடுவதில் அவர்கள் காணும் தீட்டு யாது? 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், மக்களின் பண்பாட்டு மரபுகளை வழிபாட்டில் ஏற்க வாயிலைத் திறந்துவிட்டது. திறந்த வாயிலின் முன்னும் தயங்கி நிற்பவர் தம் அச்சத்துக்கு உரோமாபுரியைக் காரணம் காட்ட இயலாது.

அவ்வாயில் வழியே துணிந்து சென்றவருள் ஒருவர், பரோடாவில் பரதம் பயின்ற பிரான்சிஸ் பார்போசா. அவர் அந்நாளில் கத்தோலிக்கக் குரு. அபிநய தர்ப்பணம் பிரமனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் கை முத்திரை வகுத்திருக்கிறது, இயேசுவுக்கு வகுக்கவில்லை. இருக்கும் முத்திரைகளின் இலக்கணத்தைக் கற்றுத் தேர்ந்த பின்னரே அவர் கிறித்தவப் பொருளுக்குரிய புதிய முத்திரைகளை அமைத்தார். அவற்றுள் எது நிலைக்கும், எது உதிரும் என்பதைக் காலம் சொல்லும். இலக்கணம் கற்றவர் இலக்கணத்தை நீட்டினார் என்பதே இங்குக் கருதத்தக்கது.

இதற்கு மாறானது ஒன்று உண்டு. அதுவே கண்டனத்துக்கு உரியது. கிறிஸ்மசு விழாவுக்கு நான்கு வாரம் இருக்கையில் பத்துச் சிறுமியரைத் திரட்டுவது. வாடகைக்குப் பட்டாடையும் தலைச்சாமானும் எடுப்பது. ஒலிப்பதிவான பாட்டு ஒன்றுக்கு, திரைப்படத்தில் பாதியும் எங்கோ கண்ட அடவில் பாதியுமாக ஆட்டிவைப்பது. அதற்குப் 'பரதம்' என்று பெயரிட்டு அறிவிப்பது. கையிலே பதாகம் இருக்கும், காலிலே தாளம் இராது. மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள் என்று வகுப்பில் கற்பிக்கும் ஊரில், நான்கு வாரத்தில் அரங்கேற்றம் நடக்கிறது! கோயில் திருவிழா மேடைகளிலும் இக்கேடு உண்டு என்பர். உண்மைதான், அங்கும் அது கேடே. ஆனால் கலையைத் தங்களுக்கும் உரியதெனக் கேட்டு வருபவர், அதற்குரிய விலையை முழுமையாகச் செலுத்தியாக வேண்டும். வர்ணம் ஆடத் தெரியாதவர் திருப்பாடுகளை ஆட முற்படின், அது கிறித்துவுக்கும் பெருமையன்று, பரதத்துக்கும் பெருமையன்று.

விலையின் மற்றொரு பகுதி மொழி. பதத்தின் பொருள் புரியாமல் அபிநயம் பிடிக்க இயலாது. மலேசியத் தமிழ்க் கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி ஆங்கிலமாகிவிட்டது. பிள்ளைகள் வழிபாட்டையும் ஆங்கிலத்திலேயே நாடுகின்றனர். இந்நிலையில் தமிழைச் சொல்லுக்குச் சொல் உணர்ந்து, கண்ணாலும் கையாலும் உரை கூறச் செய்யும் கல்வி நாட்டியத்தைப்போல் வேறொன்று உண்டோ? பரதத்தை விலக்கும் கிறித்தவப் பெற்றோர், தம் பிள்ளைக்கு எஞ்சியுள்ள தமிழ் வாயில்களுள் ஒன்றைத் தம் கையாலேயே அடைக்கின்றனர். அப்பிள்ளையை வெளியே நிறுத்தும் இந்துக் கலையார்வலரோ, அடைத்த கதவுக்கு வெளிப்புறத்திலும் ஒரு பூட்டைப் போடுகின்றனர். இந்நாட்டில் சீனப் பிள்ளைகள் பரதம் பயில்கின்றனர். மலாய் இனத்தவரான ராம்லி இப்ராகிம் பரதத்தையும் ஒடிசியையும் உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றார். அவர்களுக்கு மலர் தூவும் கைகள், தமிழ் பேசும் கிறித்தவச் சிறுமியை மட்டும் தடுப்பது விந்தையிலும் விந்தை.

தமிழாசிரியர் இதில் பார்வையாளராக இருத்தல் ஆகாது. பள்ளி விழாவில் நடனத்துக்கு மாணவியரைத் தேர்கையில், பெயரைக் கேட்டதும் 'இவளுக்கு வேண்டாம்' என்று கடந்து செல்லும் பழக்கம் எங்கேனும் இருப்பின் அது ஒழிதல் வேண்டும். குற்றாலக் குறவஞ்சியை நடத்தி முடித்த ஆசிரியர், மறுநாள் பெத்லகேம் குறவஞ்சியையும் வகுப்புக்கு எடுத்துவரட்டும். வசந்தவல்லியும் தேவமோகினியும் அருகருகே நிற்கட்டும். பின்னர் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு காட்சியைப் பள்ளி மேடையில் ஆடச் செய்யட்டும். குறத்தி வேடம் மட்டும், அரைமண்டி நன்றாக அமரும் பெண்ணுக்கே.