சாட்சியின் குரல் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவில், சிக்காகோவை அடுத்த ஸ்கோக்கியில், யூத இனப்படுகொலையை நினைவுகூரும் இல்லினாய் அருங்காட்சியகம் உண்டு. நாஸிகளின் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய முதியவர் ஒருவர் அங்கே திரையில் அமர்ந்திருக்கிறார். பார்க்க வந்த சிறுவன் வினவுகிறான். முதியவர் விடை பகர்கிறார். மாயமன்று. முன்னரே பல நூறு வினாக்களுக்கு அவர் அளித்த விடைகளைப் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். கேட்ட வினாவுக்கு ஏற்றதைக் கணினி தேர்ந்து தருகிறது. 2017இல் அங்கு நிலைபெற்ற இக்காணொளிக் கலை, சாட்சி மறைந்த பின்னும் சாட்சியம் மறையாமற் காக்கிறது.

புத்தளத்தின் சாட்சிகளுக்கு அத்தகைய இடம் எங்கே? இதுவே எமது கேள்வி.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கிடைத்த தவணை இரண்டு மணி நேரம்! பெரும்பகுதியினர் புத்தளத்தை அடைந்தனர். கற்பிட்டிக் கடலோரமெங்கும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. இம்மண்ணின் மக்கள் தம் நிலத்தையும் கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் பகிர்ந்தனர். அன்று நாற்பது வயதில் வந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். தமிழினத்தின் பெயரால் இழைக்கப்பட்ட அநீதி இது. இதைச் சொல்ல ஒரு தமிழ் ஏட்டுக்கு நாக்கூசுமானால், பிறரிடம் நீதி கேட்க எமக்கு வாயேது?

“பழைய புண்ணைக் கிளறுவதா?” என்பர் சிலர். மூடி மறைத்த புண் ஆறுவதில்லை; புரையோடும். “வயிற்றுக்கு வழியில்லாதபோது கண்காட்சியா?” என்பர் வேறு சிலர். உறுதி தொலைந்த காணிக்காக அலைந்த உழவனைக் கேளுங்கள்: நினைவே அவனுக்கு எஞ்சிய பத்திரம். ஓவியர் தா. சனாதனன் இதை உணர்ந்தவர். இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த படங்களை 2011இல் நூலாக்கி, ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவான தோம்பின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாவிடின், காணொளியின் பொருளாதார உரிமை தயாரிப்பாளருக்கே உரியது. கண்ணீர் சிந்தியவர் வெறுங்கையோடு நிற்பார். படம் கடல் கடந்து போகும். அன்று வீடு போயிற்று. இன்று குரலும் போவதா?

ஆகவே நாம் கோருவன இவை. அருங்காட்சியகம் புத்தளத்திலேயே அமைக. அதன் முதன்மொழி தமிழாகுக. எழுத்து மூலமான சம்மதமின்றி எவர் குரலும் பதியப்படலாகாது. ஒவ்வொரு பதிவின் பிரதியும் சாட்சியின் குடும்பத்தைச் சேருக. விலக்கிக்கொள்ளும் உரிமையும் அவர்க்கே இருக்குக. அடைக்கலம் தந்தோரின் குறைகளும் அங்கே ஒலிக்குக.

2018ஆம் ஆண்டின் இழப்பீட்டு அலுவலகச் சட்டம், கூட்டு இழப்பீட்டில் இறந்தோர்க்கும் காணாமற்போனோர்க்கும் நினைவுச்சின்னங்களை அனுமதிக்கிறது. வேரறுக்கப்பட்டு உயிரோடிருப்போர்க்கும் அக்கதவை அரசினர் திறக்கட்டும்.

நாளை நம் பேரப்பிள்ளைகள் திரைமுன் நின்று, “ஏன் வெளியேற்றினார்கள்?” என்று வினவுவர். விடை கூற வல்லோர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். அவர் வாழும்போதே கேட்டுப் பதிவோம்!