லைசென்ஸ் சுலபமானால் இளைஞர்கள் ஹாம் ரேடியோவுக்கு வருவார்களா?

செல்போனில் ரோமிங் கட்டணம் இருந்த வரைக்கும் ஓசூர்க்காரர்கள் பலருடைய சட்டைப்பையில் இரண்டு சிம் இருந்தது. ஒன்று தமிழ்நாடு, இன்னொன்று கர்நாடகா. காலையில் பெங்களூர் பஸ் ஏறி ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி வந்ததும் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றைப் போடுவார்கள். காற்றில் போகிற அலைக்கு எல்லை எது என்று யாராவது கேட்டால் சிரிப்புதான் பதில்.

இதே ஊரில் எந்தக் கம்பெனி டவரையும் நம்பாமல், நிமிடத்துக்கு இத்தனை பைசா என்று கட்டாமல், சொந்த செட்டும் சொந்த ஆன்டெனாவும் வைத்துக்கொண்டு உலகத்தோடு பேச ஒரு வழி இருக்கிறது. அதுதான் அமெச்சூர் ரேடியோ, செல்லமாக ஹாம் ரேடியோ. கல்லூரி கேண்டீனில் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் எஃப்.எம். பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்!

ஹாம்கள் கூடுகிற இடங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. லைசென்ஸ் வாங்குவதை இன்னும் சுலபமாக்கினால் இளைஞர்கள் வருவார்களா? 'வருவார்கள், கதவைத் திறந்து விடுங்கள்' என்பது ஒரு கட்சி. 'கஷ்டப்பட்டு வாங்கினால்தான் அருமை தெரியும், தரம் கெட்டுவிடும்' என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சியுமே ஒரு விஷயத்தைச் சரியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

காமர்ஸ் பாஷையில் பார்ப்போம். ஒரு பொருளுக்கு வாங்குபவன் கொடுக்கும் விலை பணம் மட்டும் கிடையாது. ஹாம் லைசென்ஸுக்கு மூன்று விலை இருக்கிறது.

முதலாவது பணம். இருபது ஆண்டு லைசென்ஸுக்கு 1000 ரூபாய், ஆயுள் முழுவதற்கும் 2000 ரூபாய் என்பது கட்டணம். ஒரு சுமாரான ஷூவின் விலை! செட் தனி. கையில் பிடிக்கிற சின்ன செட் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும், வெளிநாட்டோடு பேசும் எச்.எஃப். செட் என்றால் செகண்ட் ஹேண்ட் பைக் விலை ஆகும். ஆனால் அது லைசென்ஸின் குற்றம் இல்லை.

இரண்டாவது படிப்பு. 1978ஆம் ஆண்டு அமெச்சூர் விதிகளின் கீழ் பன்னிரண்டு வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதலாம் என்றார்கள். ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்பது ஒரு பகுதி, சட்டதிட்டம் இன்னொரு பகுதி. பழைய பயமெல்லாம் மோர்ஸ் தந்தி மேல்தான். 2003ல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாடு, மோர்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இந்தியாவில் 2005ல் மோர்ஸ் வேகத்தை நிமிடத்துக்கு 12 வார்த்தையிலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். பிறகு ஜெனரல், ரெஸ்ட்ரிக்டட் என்று இரண்டே கிரேடு ஆனபோது, ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸே தேவைப்படவில்லை. வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி வைத்திருப்பவர்கள் இந்த வழியாக வந்தவர்கள்தான். பிளஸ் டூ இயற்பியலை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு ஓம் விதியும் ஆன்டெனாவும் ஒரு மாத வேலை.

மூன்றாவது காத்திருப்பு. இங்கேதான் சிக்கல். தேர்வில் பாஸானதும் லைசென்ஸ் கைக்கு வந்துவிடாது. பாதுகாப்புச் சரிபார்ப்பு இருக்கிறது, கோப்பு பல மேஜைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. விண்ணப்பம் சரள் சஞ்சார் தளம் வழியாக ஆன்லைனுக்கு வந்தது நல்ல விஷயம்தான். ஆனால் பாரம் ஆன்லைனுக்குப் போனதால் மட்டும் சரிபார்ப்பு வேகமாகிவிடாது. மாதக்கணக்கில் காத்திருந்த கதைகளை ஹாம்களிடம் கேட்டால் தெரியும்.

ஆக, 'லைசென்ஸைச் சுலபமாக்கு' என்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். அது ஏற்கெனவே குறைந்துவிட்டது. குறைய வேண்டியது மூன்றாவது.

சரி, மூன்றையும் குறைத்துவிட்டால் கூட்டம் வந்துவிடுமா? இதற்கு ஜப்பானைப் பார்க்க வேண்டும்.

ஜப்பானில் மோர்ஸ் இல்லாத எளிய கிரேடு பல பத்தாண்டுகளாக உண்டு. பள்ளிப் பிள்ளைகளே பாஸ் செய்வார்கள். 1987ல் வெளிவந்த ஒரு பனிச்சறுக்குக் காதல் படத்தில் நாயகனும் நண்பர்களும் காரிலிருந்து ஹாம் ரேடியோவில் பேசிக்கொண்டதைப் பார்த்து இளைஞர் கூட்டம் அலைமோதியது. 1995 வாக்கில் அங்கே 13 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹாம் நிலையங்கள் இருந்தன. இப்போது நான்கு லட்சத்துக்கும் கீழே. தேர்வு கடினமானதா? இல்லை. செல்போன் வந்தது. நண்பனோடு பேசுவதற்காக மட்டும் ரேடியோ வாங்கியவர்கள் அதைவிடச் சுலபமான வழி கிடைத்ததும் போய்விட்டார்கள்.

அமெரிக்கா வேறு விதம். 2007 பிப்ரவரியில் அங்கே மோர்ஸ் தேர்வை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அப்போது சுமார் ஆறரை லட்சமாக இருந்த ஹாம்கள் அடுத்த பத்தாண்டில் ஏழு லட்சத்தைத் தாண்டினார்கள். தரம் கெட்டு ஹாம் ரேடியோ அழிந்துவிடவில்லை. அதே சமயம் கிளப்புகளில் நரைத்த தலைதான் அதிகம் என்ற புலம்பலும் நிற்கவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு புரியும். சுலபமான லைசென்ஸ் வர நினைப்பவனைத் தடுக்காது. ஆனால் வர வேண்டும் என்ற நினைப்பை அது உண்டாக்காது. தேவை வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

அந்தத் தேவை ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கிறதா? நிறையவே இருக்கிறது.

2025 ஜூலை 4ஆம் தேதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்த சுபான்ஷு சுக்லா, பெங்களூரு யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் கூடியிருந்த மாணவர்களோடு ஹாம் ரேடியோ மூலம் பேசினார். விண்வெளி நிலையம் ஓர் இடத்தின் தலைக்கு மேலே கடக்க சுமார் பத்து நிமிடம்தான் ஆகும், அதற்குள் கேள்வியும் பதிலும் முடிய வேண்டும். ஓசூரிலிருந்து அந்த மையம் ஒரு டவுன் பஸ் தூரம். ஓசூர் சிப்காட்டில் வண்டியும் கைக்கடிகாரமும் செய்கிறார்கள், தேன்கனிக்கோட்டைப் பக்கம் செல்போன் பாகம் செய்கிறார்கள், போச்சம்பள்ளியில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்த ஆயிரக்கணக்கான பையன்களும் பெண்களும் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறார்கள். நாள் முழுவதும் ஒரே ஒரு திருகு, ஒரே ஒரு சோதனை. முழுப் பொருளும் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அவர்களுக்கு வாய்ப்பு வருவதில்லை. ஒரு ரேடியோவைத் தானே கட்டி, தன் கையால் வளைத்த ஆன்டெனாவில் முன்பின் தெரியாத குரல் ஒன்று பதில் சொல்லும்போது அந்த வாய்ப்பு வருகிறது.

இன்னொரு தேவை 2024 டிசம்பரில் தெரிந்தது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து வலுவிழந்த பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. நிறுத்தி வைத்திருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. கடற்கரையே இல்லாத மாவட்டத்தில் புயல் என்ன செய்யும் என்று இனி யாரும் கேட்க முடியாது. மின்சாரமும் டவரும் சேர்ந்து போகிற ஒரு ராத்திரி வந்தால் கார் பேட்டரியில் ஓடுகிற ஒரு செட்டும், அதை இயக்கத் தெரிந்த ஒரு ஆளும் எவ்வளவு பெரிய விஷயம்!

இது வெறும் கற்பனை இல்லை. அந்தமானில் பல ஆண்டுகளாக ஹாம் ரேடியோவுக்கு அனுமதி கிடைக்காமல் இருந்தது. ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிலையத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் விடாமல் முயன்று அனுமதி வாங்கி, 2004 டிசம்பரில் குழுவோடு போர்ட் பிளேரில் செட் வைத்தார். டிசம்பர் 26ல் சுனாமி. தொலைபேசிகள் செத்துப்போன தீவுகளிலிருந்து 'உயிரோடு இருக்கிறோம்' என்ற செய்திகள் அந்த ஆன்டெனா வழியாகத்தான் வெளியே வந்தன. அந்த அனுமதிக் கோப்பு இன்னும் ஒரு மாதம் ஏதாவது மேஜையில் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

எதிர்த்தரப்பு வாதத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. யார் கையில் வயர்லெஸ் இருக்கிறது என்று அரசாங்கம் தெரிந்துகொள்ள நினைப்பது தப்பில்லை. உரிய அனுமதி விவரமில்லாமல் வாக்கி டாக்கி விற்றதற்காக 2025 மே மாதத்தில் ஆன்லைன் கடைகளுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கெட்ட எண்ணம் உள்ளவன் தேர்வு எழுதி, முகவரி கொடுத்து, வரிசையில் நிற்கமாட்டான். நீண்ட காத்திருப்பு தண்டிப்பது ஒழுங்காக வந்தவனைத்தான்.

அதிலும் இந்தத் தொழிற்பேட்டைப் பக்கம் அது இன்னும் மோசம். லைசென்ஸ் முகவரியோடு கட்டப்பட்டது. ஓசூரில் வாடகை அறையில் நான்கு பேரோடு தங்கியிருக்கும் டிரெயினி பையனுக்கு ஒரு வருட ஒப்பந்தம். சரிபார்ப்பு முடிந்து கடிதம் வரும்போது அவன் ஸ்ரீபெரும்புதூரில் இருப்பான். மொட்டைமாடியில் கம்பி கட்ட வீட்டுக்காரர் விடுவாரா என்பது தனிக் கதை!

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

1. தேர்வை இன்னும் லேசாக்க வேண்டாம். தேர்வை ஊருக்குக் கொண்டு வரவேண்டும். ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு கல்லூரியில் வருடத்துக்கு இரண்டு முறை முகாம் போட்டால் போதும்.

2. சரிபார்ப்புக்குக் கெடு வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் சரிபார்ப்பைச் சில வாரங்களில் முடிக்க முடிகிறது. ரேடியோவுக்கும் முடியும்.

3. பாலிடெக்னிக்குகளும் கல்லூரிகளும் கிளப் நிலையம் வைக்க வேண்டும். முகவரி கல்லூரியுடையது, ஆன்டெனா கல்லூரி மாடியில். மாணவர்கள் மாறினாலும் நிலையம் நிற்கும்.

4. லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது புதியவர் மைக்கில் பேசிப் பார்க்க இடம் கொடுக்கலாம். அமெரிக்காவில் இது உண்டு. ஒரு முறை பதில் குரல் கேட்டவன் புத்தகத்தைத் தானாகவே தேடி எடுப்பான்.

ஆக, கேள்விக்குப் பதில் இதுதான். லைசென்ஸ் சுலபமானால் மட்டும் இளைஞர்கள் வரமாட்டார்கள். ஆனால் வந்த பிறகு வாசலில் மாதக்கணக்கில் நிற்க வைத்தால், வந்தவர்களும் செல்போனைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போய்விடுவார்கள். அடுத்த புயல் ஊத்தங்கரைக்கு வருமா, தளிக்கு வருமா, தெரியாது. அது யாருடைய கோப்பு நகர்வதற்காகவும் காத்திருக்காது.