ஆண்மை வேறு, மானம் வேறு

நம் தோழர்களில் படித்தவர் சிலர், அமெரிக்கக் கறுப்பர் தம் வாழ்வைப் பற்றித் தாமே எழுதிய கட்டுரைகளைப் படித்துக் கண்ணீர் உகுக்கின்றனர். நல்லது. ரிச்சர்டு ரைட் என்பார் 1945-ல் தம் வரலாற்றை வெளியிட்டபோது அதற்குக் ‘கறுப்புப் பையன்’ என்றே பெயரிட்டார். அந்நாட்டின் தென்பகுதியில் தலை நரைத்த கறுப்பரையும் வெள்ளையன் ‘பையா’ என்றே விளித்தான். இதைப் படித்துக் கொதிக்கும் நம் நண்பர், கெப்பாலா பத்தாஸ் காப்பிக் கடையில் ஆப்பிரிக்க மாணவர் ஒருவர் வந்து அமர்ந்ததும், பக்கத்திலிருப்பவர் காதில் ‘காப்பிரி’ என்று முணுமுணுத்துச் சிரிக்கிறாரே, அதற்கு என்ன சொல்வது?

அதே நண்பரை யாரேனும் ‘கெலிங்’ என்றால் மட்டும் மானம் போயிற்றென்று கூவுகிறார். ஒரு காலத்தில் தென்னிந்தியர் தலைவருக்குரிய பட்டத்திலேயே இருந்த சொல் அது. பினாங்கில் 1801-ல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. பின்னர் அது வசைச் சொல்லாயிற்று. வசையாக வீசப்படும்போது வலிக்கத்தான் செய்யும். ஆனால் நாம் வீசும் சொல் மட்டும் பிறருக்கு வலிக்காதோ?

நிற்க. மானம் என்பது அமெரிக்கப் புத்தகத்திலிருந்து நாம் கடன் வாங்க வேண்டிய சரக்கன்று. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி கேட்டனர். கள்ளுக்கடையை மூடச் சொன்னனர். தம் பெண்டிரைத் தொல்லை செய்வதை நிறுத்தச் சொன்னனர். இவற்றோடு இன்னொன்றும் கேட்டனர். அஃதாவது, துரையைக் கண்டால் சைக்கிளினின்று இறங்கி நிற்க வேண்டியதில்லை என்பது. வெள்ளைத் துரை முன் மட்டுமன்று, நம் நிறமே கொண்ட கிராணியார் முன்னும் இறங்க வேண்டியிருந்தது என்பதை மறவாதீர்! அரசினர் ஆர். எச். நாதனை நாடு கடத்தினர், பட்டாளத்தை ஏவினர், துப்பாக்கிக் குண்டுக்குத் தொழிலாளர் சிலர் பலியாயினர். சைக்கிள் மேல் உட்கார்ந்திருப்பது ஓர் உரிமையா என்று நகரத்துக் கனவான் நகைக்கலாம். இறங்கி நின்றவனைக் கேட்டால் தெரியும்.

இனி, சங்கடமான பகுதிக்கு வருவோம். ஜேம்ஸ் பால்டுவின் 1955-ல் நூலாக்கிய கட்டுரைகளுள் ஒன்று, 1943-ல் மாண்ட தம் வளர்ப்புத் தந்தையைப் பற்றியது. வெளியே வெள்ளையனிடம் பட்ட இழிவு அம்மனிதருக்குள் நஞ்சாகி, வீட்டில் பிள்ளைகள் மேல் இறங்கியது. அதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா தோன்றவில்லை, லயங்களே தோன்றின. கிராணியிடம் ஏச்சு வாங்கி, கள்ளுக்கடை வழியே வீடு திரும்பி, மனைவியின் முதுகில் தன் ‘ஆண்மை’யை மீட்டுக்கொண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களை ஏசுவது எளிது. அவர்களை அந்நிலைக்கு ஆளாக்கிய முதலாளியை மட்டும் ஏசுவது அதனினும் எளிது.

1968-ல் மெம்பிஸ் நகரத்துக் குப்பைத் தொழிலாளர், தம் தோழர் இருவர் குப்பை வண்டியின் பொறியில் நசுங்கி மாண்டபின், வேலைநிறுத்தம் செய்து, ‘நான் மனிதன்’ என்ற அட்டையைத் தாங்கி ஊர்வலம் வந்தனர். அவர்களுக்குத் துணை நிற்கச் சென்ற இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அட்டையிலிருந்த ஆங்கிலச் சொல்லுக்கு மனிதன் என்றும் பொருள், ஆண்மகன் என்றும் பொருள். தமிழில் அவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உண்டு. ஆகவே எது வேண்டும் என்று நாம் சொல்லியே தீரவேண்டும். பெண் விடுதலை பெற வேண்டுமானால் ‘ஆண்மை’ அழிய வேண்டும் என்று பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் வாதிட்டிருக்கிறார். அப்பெரியார் 1929-ன் இறுதியில் வந்திறங்கியது எங்கள் பினாங்குக் கரையில்தான் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அவர் சொன்னதைத்தான் கரையேற்றவில்லை.

கறுப்பர் கட்டுரைக்குக் கண்ணீர் விடும் நண்பர், தம் மகனுக்குப் பெண் தேடிப் பத்திரிகைக்கு எழுதியனுப்பிய விளம்பரத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். அதில் சாதியும் கேட்டிருக்கிறார். ‘நல்ல சிவப்பு’ என்றும் கேட்டிருக்கிறார்.