துறையூரின் 176 யாருக்குப் போனது?

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தால் துறையூர் டீக்கடை வரைக்கும் பேச்சு வந்துவிடுகிறது. ஜார்ஜியா எந்தப் பக்கம், பென்சில்வேனியா எந்தப் பக்கம் என்று நம்ம பையன்கள் செல்போனைப் பார்த்துச் சொல்கிறார்கள். தெரிந்து கொள்ளட்டும், நல்லதுதான். அதே பையன்களிடம், "நம்ம நாட்டு ஜனாதிபதித் தேர்தல்ல தமிழ்நாடு யாருக்குப் போட்டுச்சு? துறையூர் யாருக்குப் போட்டுச்சு?" என்று நான் கேட்டால், "அதுல நமக்கு ஏதுண்ணே ஓட்டு?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

இருக்கிறது. நம் பெயரைச் சொல்லி, நம் சாதிச் சான்றிதழைக் காட்டி நின்று ஜெயித்த ஒருவர் கையில் அந்த ஓட்டு இருக்கிறது. அது எங்கே போனது என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்போம்.

முதலில் ஜார்ஜியாவையே பார்த்துவிடுவோம். 2020இல் அங்கே ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள். பைடன் டிரம்பை முந்தியது வெறும் 11,779 ஓட்டில். அந்த மாநிலத்துக்குரிய 16 தேர்வாளர் ஓட்டும் மொத்தமாகப் பைடனுக்குப் போயிற்று. அந்த மாநில மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கருப்பின மக்கள். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை எழுத்துத் தேர்வு வைத்தும், அடித்தும், மிரட்டியும் ஓட்டுச்சாவடிப் பக்கமே விடாமல் துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள். ஸ்டேசி ஆப்ராம்ஸ் போன்றவர்கள் பல வருசமாக வீடு வீடாக ஏறி இறங்கி அவர்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்தார்கள். 2021 ஜனவரியில் ஜார்ஜியாவின் முதல் கருப்பின செனட்டராக வார்னாக் ஜெயித்தார். ஆதிக்கக்காரனுக்கு வயிறு எரிந்தது. அதே 2021இல், ஓட்டுப்போட வரிசையில் நிற்பவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பதும் குற்றம் என்று சட்டம் போட்டான். 2024இல் ஜார்ஜியா மறுபடி டிரம்ப் பக்கம் போனது.

ஜெயித்தாலும் தோற்றாலும் கருப்பின மக்கள் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்ற கணக்கை அங்கே எல்லோரும் பார்க்கிறார்கள். கணக்கு இருப்பதால்தான் எதிரிக்குப் பயம் இருக்கிறது. கணக்கு இருப்பதால்தான் ஜெயித்தவனிடம் "எங்களுக்கு என்ன செஞ்ச?" என்று கேட்க முடிகிறது.

இனி நம் கதைக்கு வருவோம். இங்கே குடியரசுத் தலைவரை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். எம்.எல்.ஏ. ஓட்டுக்கு மாநிலத்துக்கு மாநிலம் ஒரு மதிப்பு. 1971 மக்கள்தொகையை எம்.எல்.ஏ. எண்ணிக்கையால் வகுத்து, அதை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டின் நாலு கோடியே பன்னிரண்டு லட்சத்தை 234ஆலும் பிறகு ஆயிரத்தாலும் வகுத்தால் வருவது 176. உத்தரப் பிரதேசத்தில் இது 208, சிக்கிமில் 7. ஆக, துறையூர் எம்.எல்.ஏ. போடும் ஒரு சீட்டின் மதிப்பு 176.

துறையூர் 2011 தேர்தலிலிருந்து தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதி. அதற்கு முன், 2006 வரை, இந்தப் பகுதியில் உப்பிலியபுரம் என்ற பழங்குடியினர் தனித்தொகுதி இருந்தது. தொகுதி மறுசீரமைப்பில் அது காணாமல் போனது. பச்சமலை மலையாளி மக்களுக்கென்று இருந்த ஒரே நாற்காலியும் அத்தோடு போச்சு. இப்போது மலைக்கும் சமவெளிக்கும் சேர்த்து இந்த 176தான்.

இந்த 176க்கு மூன்று தேர்தல் வந்தது. 2012இல் துறையூர் எம்.எல்.ஏ. அ.தி.மு.க. அந்தக் கட்சி பிரணாப் முகர்ஜிக்கு எதிராக நின்ற சங்மாவை ஆதரித்தது. அவர் வடகிழக்கின் காரோ பழங்குடி. தோற்றார். 2017இல் துறையூர் எம்.எல்.ஏ. தி.மு.க. அந்தக் கட்சி மீரா குமாரை ஆதரித்தது. அவர் தலித், எதிரே நின்ற ராம்நாத் கோவிந்தும் தலித். மீரா குமார் தோற்றார். 2022இலும் துறையூர் தி.மு.க.தான். அந்தக் கட்சி யஷ்வந்த் சின்காவை ஆதரித்தது. எதிரே சந்தால் பழங்குடிப் பெண்ணான திரௌபதி முர்மு. சின்கா தோற்றார். மூன்று தடவையும் துறையூரின் கட்சி தோற்ற பக்கம் நின்றது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தோற்கிற பக்கத்தில் நிற்பது நமக்கு என்ன புதுசா? அங்கே நிற்பதென்று முடிவு செய்தது யார் என்பதே என் கேள்வி.

எண்களைப் பாருங்கள். 2022இல் தமிழ்நாட்டில் சின்காவுக்கு 158 ஓட்டு, முர்முவுக்கு 75, செல்லாதது 1. அன்றைக்குச் சட்டமன்றத்தில் தி.மு.க. அணிக்கு 159 பேர், அ.தி.மு.க., பா.ம.க., பா.ஜ.க. மூன்றுக்கும் சேர்த்து 75 பேர். சட்டியில் இருந்தது அப்படியே அகப்பையில் வந்தது. 2017இல் கோவிந்துக்கு 134, மீரா குமாருக்கு 98. அதுவும் கட்சிக் கணக்குத்தான், ஒரே ஒரு ஆளைத் தவிர. இரட்டை இலையில் ஜெயித்த நாகப்பட்டினம் தமிமுன் அன்சாரி, அ.தி.மு.க. முடிவுக்கு மாறாக மீரா குமாருக்குத்தான் போடுவேன் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர் தனித்தொகுதி 44, பழங்குடியினர் தொகுதி 2. ஆக 46 பேர். 46ஐ 176ஆல் பெருக்கினால் 8,096. இரண்டு தேர்தலிலும் இந்த 8,096இன் குரல் தனியாகக் கேட்கவே இல்லை. ஒரு கேள்வி இல்லை, ஒரு நிபந்தனை இல்லை.

"கட்சியை மீறிப் போட்டா பதவி போயிருமே" என்று சிலர் சொல்கிறார்கள். போகாது. ஜனாதிபதித் தேர்தலில் கட்சி கொறடா உத்தரவு போட முடியாது. கட்சித் தாவல் சட்டம் இதில் பாயாது. மாநிலங்களவைத் தேர்தலில் 2003க்குப் பிறகு சீட்டைக் கட்சி ஏஜெண்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். இதில் அதுவும் கிடையாது. ரகசிய வாக்கெடுப்பு. ஐந்து வருசத்தில் நம் எம்.எல்.ஏ.வுக்குச் சட்டமே "நீ யாருக்கும் அடிமை இல்லை" என்று சொல்லிக் கையில் கொடுக்கிற இளஞ்சிவப்புச் சீட்டு அது. அதையும் கட்சி ஆபீசில் ஒப்படைத்துவிட்டு வருகிறார்கள்.

இதற்குத் தனிமனிதர்களைத் திட்டிப் பயனில்லை. வேர் 1932இல் இருக்கிறது. அந்த ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் அறிவித்த தீர்ப்பில் அம்பேத்கரும் ரெட்டைமலை சீனிவாசனும் வட்டமேசையில் வாதாடியதற்குப் பலன் கிடைத்தது. நம் பிரதிநிதியை நாம் மட்டுமே தேர்ந்தெடுக்க ஒரு ஓட்டு, பொதுத்தொகுதியில் இன்னொரு ஓட்டு. காந்தி எரவாடா சிறையில் பட்டினி கிடந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் வந்தது. இடங்கள் 71இலிருந்து 148 ஆயின. இரட்டை ஓட்டு பறிபோனது. நாற்காலி கூடியது, நாக்கு அறுந்தது. தனித்தொகுதியில் நிற்பவர் நம்மவர். அவரை ஜெயிக்க வைப்பது பெரும்பாலும் மற்ற சாதிகளின் ஓட்டு. சீட்டுக் கொடுப்பது கட்சித் தலைமை. ஊர்த்தெருவில் கும்பிடு போட்டு, தலைமையின் வாசலில் காத்துக் கிடந்து வருகிற ஆளுக்குச் சேரியிடம் கணக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வரும்?

இதையெல்லாம் எங்கள் தெருப் பெரியப்பா ஒருவரிடம் சொல்லிக் கொண்டிருந்தேன். "ஏன்டா தம்பி, டெல்லியில எவன் உக்காந்தா நமக்கென்ன? அவரு கையெழுத்துப் போடத்தானே இருக்காரு. நம்ம சுடுகாட்டுக்குப் பாதை போட்டுத் தருவாரா?" என்றார்.

நியாயமான கேள்விதான் பெரியப்பா. 1997ஐ நினைத்துப் பார்க்கிறேன். ஜூன் 30இல் மேலவளவு. தனி ஊராட்சிக்குத் தலைவராக வந்த குற்றத்துக்காக முருகேசனும் அவரோடு சேர்த்து ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஜூலை 14இல் ஜனாதிபதித் தேர்தல். கே.ஆர். நாராயணனுக்கு 9,56,290 ஓட்டு மதிப்பு, அவரை எதிர்த்து நின்ற டி.என். சேஷனுக்கு 50,631. பெரிய கட்சிகள் எல்லாம் சேர்ந்து ஒரு தலித்தை நாட்டுக்குத் தலைவர் ஆக்கின. அதே ஆண்டு அதே நாட்டில் ஒரு ஊராட்சிக்குத் தலைவராக ஒரு தலித்தைப் பொறுக்க முடியவில்லை. உச்சியில் ஒரு ஆளை வைத்துவிட்டால் அடியில் தானாக மாறும் என்று நம்பச் சொல்வது ஏமாற்று.

ஆனாலும் அந்த நாற்காலி வெறும் மரக்கட்டை கிடையாது. நாராயணன் அதில் உட்கார்ந்த மூன்றாம் மாதமே, உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்ன மந்திரிசபையின் பரிந்துரையை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனத்தில் தலித், பழங்குடியினரைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று எழுதினார். அதற்குப் பின்னால் நடந்ததையும் பார்த்தோம். 2020 டிசம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியவர் பிரதமர், அப்போது ஜனாதிபதி கோவிந்த். 2023 மே 28இல் அதைத் திறந்து வைத்தவரும் பிரதமர், அப்போது ஜனாதிபதி முர்மு. தலித்தையும் பழங்குடியையும் தலைவராக்கிப் பெருமை தேடிக்கொள்கிறார்கள், தலைவருக்குரிய இடத்தைக் கொடுக்க மட்டும் கை வரவில்லை.

இன்னொன்று. மற்ற யாரையும்விட நமக்குத்தான் ஜனாதிபதி பதவியோடு நேரடிச் சம்பந்தம். யார் தாழ்த்தப்பட்டோர் என்ற பட்டியலே 1950 ஆகஸ்டில் வந்த ஜனாதிபதி ஆணைதான். கிறிஸ்தவனாக மாறிய தலித்தைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியதும் அதே ஆணை. 1956இல் சீக்கியத் தலித்துகளையும், 1990இல் பௌத்தத் தலித்துகளையும் பாராளுமன்றம் உள்ளே சேர்த்தது. திருச்சிப் பக்கம் கோயிலில் தனி இடமும் கல்லறையில் தனிச் சுவரும் அனுபவித்த கிறிஸ்தவத் தலித்துகள் இன்னும் வெளியேதான். தாழ்த்தப்பட்டோர் ஆணையத்தின் அறிக்கை போய்ச் சேர்வதும் ஜனாதிபதியிடம். ஒரு மலைப்பகுதியை ஐந்தாம் அட்டவணைப் பகுதியாக அறிவிக்கிற அதிகாரமும் அவருடையது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதிகூட அறிவிக்கப்படவில்லை. பச்சமலை நம் கண்ணுக்கு எதிரே நிற்கிறது.

ஆகவே, "நம்மாளு நிக்கிறாரு, போடு" என்பதும் அரசியல் இல்லை. "நம்ம கூட்டணி சொல்லுது, போடு" என்பதும் அரசியல் இல்லை. 2017இல் இரண்டு பக்கமும் தலித்துகளை நிறுத்தியபோதே நம் பிறப்பை அவர்கள் சீட்டுக்கட்டில் ஒரு சீட்டாக ஆக்கிவிட்டார்கள். 2022இல் முர்முவுக்குப் போடாத தலித் துரோகி என்று ஒரு கூட்டம் பேசியது. போட்டால் சங்கி என்று இன்னொரு கூட்டம் பேசியது. ஆதரவுக்கு ஈடாக எதைக் கேட்டு வாங்கினோம் என்று இரண்டு கூட்டமும் பேசவில்லை.

முர்முவின் ஐந்தாண்டுக் காலம் 2027 ஜூலையில் முடிகிறது. ஒவ்வொரு தடவையும் வேட்பாளர்கள் சென்னைக்கு வந்து எம்.எல்.ஏ.க்களைக் கூட்டி ஆதரவு கேட்கிறார்கள், சால்வை போடுகிறார்கள், விருந்து சாப்பிட்டுப் போகிறார்கள். அந்த நாளில் 46 பேரும் கட்சி வேறுபாட்டை ஒரு மணி நேரம் வாசலில் கழற்றி வைத்துவிட்டு ஒரே பெஞ்சில் உட்காரட்டும். 1950 ஆணையின் மத நிபந்தனையில் உங்கள் நிலை என்ன? ஆணையத்தின் அறிக்கை தூசி படியாமல் பாராளுமன்றத்துக்கு வருமா? பச்சமலையையும் மற்ற மலைகளையும் அட்டவணைப் பகுதியாக அறிவிப்பீர்களா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கட்டும். பதிலைத் தொகுதி மக்களிடம் படித்துக் காட்டிவிட்டு ஓட்டுப் போடட்டும்.

இது கனவு என்று சிரிப்பவர்களுக்கு 1969ஐ ஞாபகப்படுத்துகிறேன். மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று சொல்லி, சொந்தக் கட்சி வேட்பாளர் சஞ்சீவ ரெட்டியைத் தோற்கடித்து வி.வி. கிரியை ஜெயிக்க வைத்தார் இந்திரா காந்தி. வித்தியாசம் 14,650. நம் 46 பேர் கையில் இருப்பது 8,096. மக்களவையின் 543 இடத்தில் தனித்தொகுதி எம்.பி.க்கள் 131 பேர். மற்ற மாநில எம்.எல்.ஏ.க்களையும் கூட்டிப் பாருங்கள். பெரிய சாதிக்காரர்களின் கட்சிச் சண்டைக்கு உதவிய மனசாட்சி சேரிக்கு மட்டும் உதவாதா?

வாசகத் தோழர்களிடம் கேட்பது சின்ன வேலை. இந்த இதழைப் படித்து முடித்ததும் உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஒரு தபால் கார்டு போடுங்கள். "எங்கள் 176ஐ யாரைக் கேட்டு, எதற்காகப் போடப் போகிறீர்கள்?" என்று ஒரே வரி போதும். துறையூரிலிருந்து என் கார்டு போகிறது. பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த இதழில் அச்சிடுவோம்.